சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது: ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதா, தரையை மேடாக்குவதா?

கேள்வி: கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடலூர்ப் பக்கம், கெடிலம் ஆற்றை ஒட்டியுள்ள ஒரு குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. என் தந்தையார் 2002-ஆம் ஆண்டில் கட்டிய, 1,100 சதுர அடி கொண்ட தரைத்தள வீடு அது. தூண்கள் கிடையாது, செங்கல் சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறது. கிரகப்பிரவேசத்தன்று தெருவிலிருந்து மூன்று படி ஏறி வராந்தாவுக்குள் நுழைந்தோம். இன்று ஒரு படி இறங்கித்தான் நுழைகிறோம்.

சென்ற கோடையில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக எங்கள் வாசலில் பள்ளம் எடுத்திருந்தார்கள். அன்று மாலை வேலையாட்கள் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பள்ளத்தின் பக்கவாட்டில் தெரிந்த அடுக்குகளை எண்ணிப் பார்த்தேன். அடியில் நாங்கள் குடிவந்தபோது இருந்த சிவப்புக் கிராவல். அதன்மேல் ஜல்லியும் தாரும். அதற்கும் மேல் சிமெண்டுச் சாலை. மறுபடியும் ஜல்லியும் தாரும். உச்சியில் போன முறை போட்ட தார். பழைய கிராவலின் மேற்பரப்பிலிருந்து இன்றைய சாலை மட்டம் வரை 2 அடி 1 அங்குலம் இருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று ஒப்பந்ததாரரின் ஆட்களிடம் கேட்டிருக்கிறோம். அந்த வேலை மதிப்பீட்டில் இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

2015 மழையில்தான் முதன்முதலாக வீட்டுக்குள் நீர் வந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, முழங்கால் அளவு நீர் இரண்டு நாட்கள் கூடத்தில் நின்றது. அப்போதைய நீர்க்கோடு தாழ்வாக உள்ள சுவிட்ச் பெட்டிக்கு நான்கு விரற்கடை கீழே இன்னும் அழியாமல் இருக்கிறது. வாசலை மணல் மூட்டைகளால் அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில், குளியலறையின் தரைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்ததை என் தாயார்தான் முதலில் பார்த்தார். அவருக்கு வயது 74. அன்றிலிருந்து வானம் இருண்டாலே, பூஜை அறையில் உள்ளவற்றை எடுத்துப் பரண்மேல் வைக்கத் தொடங்கிவிடுகிறார். மழை இல்லாத நாட்களிலும் சுவர்களில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சமையலறையின் மேல்தளத்தில் ஓரிடத்தில் சிமெண்டு பெயர்ந்து விழுந்து, துருவேறிய கம்பி தெரிகிறது.

இப்போது என்முன் மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி தூக்கித் தருகிறோம் என்று ஒரு முகவர் வந்து முன்பணம் கேட்கிறார். தூக்கவெல்லாம் வேண்டாம், உள்ளே மண் கொட்டித் தரையை இரண்டடி மேடாக்கிவிடலாம் என்கிறார் எங்கள் மேஸ்திரி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது என்று மைத்துனர் சொல்கிறார். கையில் உள்ள சேமிப்பும் வாங்கக்கூடிய கடனும் சேர்ந்து எட்டு லட்சத்தைத் தாண்டாது.

இதோடு இன்னொரு கவலையும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு 50 விழுக்காடு கூடியது. அந்த வரியைத் தவணை தவறாமல் கட்டி வருகிறேன். கடன் வாங்கி வீட்டை உயர்த்திய பிறகு, அதே வரிப்பணத்தில் மீண்டும் சாலையை உயர்த்தமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? சட்டமன்றத் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியினரும் தெருவுக்கு வருவார்கள். அவர்களிடம் எதைக் குறிப்பாகக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மட்டக்கோல்

ஐயா, நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டட மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதத்தில் சாலை எவ்வளவு உயர்ந்தது என்பதை அளந்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அந்த அளவோடு நிறுத்திவிடாமல், ஒரு டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாய்) வாங்கி, உங்கள் நிலைப்படியின் மட்டத்தையும், வாசலில் உள்ள வடிகாலின் அடிமட்டத்தையும், அந்த வடிகால் பெரிய வாய்க்காலில் சேரும் இடத்தின் அடிமட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மூன்று எண்கள் கையில் இல்லாமல் வீட்டை எத்தனை அடி தூக்குவது என்று முடிவு செய்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

முதலில் ஜாக்கி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சுவர்களின் இருபுறமும் கடைக்கால் தெரியும்வரை தோண்டி, பேஸ்மட்டத்தைச் சிறிது சிறிதாக உடைத்து, சுவருக்கடியில் இரும்புச் சட்டங்களை நுழைத்து, அவற்றின் கீழ் நெருக்கமாக ஜாக்கிகளை வரிசையாக வைப்பார்கள். பிறகு எல்லா ஜாக்கிகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருகித் திருகி ஏற்றி, இடையில் உண்டாகும் இடைவெளியில் செங்கல் கட்டிக்கொண்டே வருவார்கள். உங்களுடையது போலச் சுவரே பாரம் தாங்கும் வீட்டுக்கு இது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மேலே ஏறுவது சுவரும் தளமும் மட்டுமே. தரை பழைய இடத்திலேயே இருக்கும். மூன்றடிக்கு மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, புதிதாகத் தரை போட வேண்டும். கழிவறைக் குழாய்கள், செப்டிக் டேங்கின் வாய், சம்ப்பின் மூடி, மாடிப்படி, சுற்றுச்சுவர், கேட் ஆகிய அனைத்தையும் புதிய மட்டத்துக்கு மாற்றியமைக்க வேண்டும். முகவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகையில் இவற்றில் எதெது அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எதுவும் அடங்காது.

அதைவிட முக்கியமானது உங்கள் சமையலறைத் தளம். கடற்காற்றில் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் அடியில் உள்ள கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இது ஓரிடத்தில் மட்டுமா, தளம் முழுவதுமா என்பதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓட்டைச் சத்தம் வரும் இடங்களையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கம்பி எந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது என்று ஒரு கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அந்தத் தளத்தை ஜாக்கியில் ஏற்றக்கூடாது. பெயர்ந்த இடத்தில் சாதாரண சிமெண்டு பூசி மூடிவிடவும் வேண்டாம். உள்ளே துரு வளர்ந்துகொண்டே போய், அடுத்த முறை இன்னும் பெரிய துண்டாக விழும். தளத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, மெலிந்த இடத்தில் புதிய கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்றே உள்ள பாலிமர் கலவையால் அடைப்பதுதான் முறை.

மேஸ்திரி சொல்வதுபோல உள்ளே இரண்டடி மேடாக்குவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கூரை பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் எட்டடிதான் மிஞ்சும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி உயரம் வேண்டும் என்கிறது. கதவு நிலைகளுக்கு மேலே ஏழடியில் இருக்கும் கான்கிரீட் விட்டமான லிண்டல் ஐந்தடிக்கு வந்துவிடும்; நிலைகளை உயர்த்துவதற்காக லிண்டலை உடைத்தால், தூண் இல்லாத வீட்டில் சுவரே பலம் இழக்கும். ஓரடி வரை மேடாக்குவது என்றால் யோசிக்கலாம்.

எந்த உயரத்துக்காகத் தூக்குகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டு, கடலூர்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணை ஆறு கரை புரண்டு வந்த வெள்ளம் வேறு. தெருவில் பெய்த மழை வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் வருவது வேறு. ஆற்று வெள்ளத்தைக் கணக்கில் வைத்து வீட்டைத் தூக்க எட்டு லட்சம் போதாது. ஆண்டுதோறும் தெருவில் நிற்கும் நீருக்கு மேலே நிலைப்படி இருந்தால் போதும் என்பதே நடைமுறைக்கு ஏற்றது.

குளியலறை வழியாக நீர் ஏறுவதைத் தடுப்பதற்கு வீட்டைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, ஒருவழி வால்வு பொருத்தினால், வெளியே நீர்மட்டம் ஏறும்போது அது தானாக மூடிக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்து, சிக்கியுள்ள குப்பையை எடுத்துவிட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

பதில்: புதுவை வாசகி

கெடிலக்கரை ஐயாவுக்கு வணக்கம். உங்கள் தாயார் மேகத்தைப் பார்த்ததும் பூஜைப் பொருட்களை எடுத்து வைக்கிறார் என்ற வரியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. நாங்கள் புதுச்சேரியில் ரெயின்போ நகர்ப் பக்கம் இருக்கிறோம். ஃபெஞ்சல் புயலன்று ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்ததை எங்களால் மறக்க இயலாது. நான் அதற்குமுன் எத்தனையோ முறை மணல் மூட்டை அடுக்கியவள்; அன்று அடுக்குவதற்கே நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் தரையை ஓரடிதான் மேடாக்கினோம். மண்ணுக்குமேல் கனமான பாலித்தீன் விரிப்பு போட்டு, அதன்மீது கான்கிரீட் போட்டதால், தரையில் ஈரம் ஏறுவது நின்றுவிட்டது. ஆனால் சுவரில் ஏறும் ஓதம் நிற்கவில்லை, ஏனென்றால் சுவருக்கும் கடைக்காலுக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எங்கள் வீட்டில் முதலிலேயே போடப்படவில்லை. உங்கள் வீட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்த பெரிய தவறு, செப்டிக் டேங்கை அப்படியே விட்டதுதான். வீட்டுக்குள் மழைநீர் வரவில்லை என்றாலும், டேங்கின் மூடி தெருமட்டத்துக்குக் கீழே இருந்ததால் அதற்குள் வெள்ளம் இறங்கி, பத்து நாட்கள் கழிவறையைப் பயன்படுத்த முடியாமல் உறவினர் வீட்டுக்குப் போனோம். மூடியையும் காற்றுக் குழாயையும் முதல் வேலையாக உயர்த்துங்கள். சம்ப்புக்கும் அதேதான், வெள்ளம் கலந்த தண்ணீரைத் தெரியாமல் மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டால் வீடு முழுக்க நோய் வரும்.

தேர்தலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2006-இல் நடந்தது. அதற்குமுன் நடந்தது 1968-இல். 2011-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு, இன்றுவரை எங்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. 2021-இல் தேர்தல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீடு பற்றிய வழக்கால் அதுவும் நின்றுபோனது. வாய்க்கால் அடைப்பு என்றால்கூடச் சட்டமன்ற உறுப்பினரைத்தான் தேடிப் போகிறோம். உங்கள் பகுதியில் 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை அது இல்லாத ஊரிலிருந்து சொல்கிறேன். தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

பதில்: வண்டிப்பாளையத்தான்

எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வைத்தோம். எப்படி என்பதைச் சொல்கிறேன்.

2021 மே மாதத்தில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலை போடும் துறைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பினார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிய அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் நீர் புகும் நிலை வரக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அது தெருவில் நடப்பதற்கு, வேலையின் மதிப்பீட்டுத் தாளில் சுரண்டும் வேலை ஒரு வரியாக இடம்பெற்றிருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ரோடு ரோலர் வந்து நிற்கும் நாளில் போய்த் தடுத்தால், மதிப்பீட்டில் இல்லை என்ற பதில்தான் வரும். ஐயா, உங்களுக்கு வந்ததும் அதுதான். தெருக்காரர்கள் எல்லோருமே அந்த நாளில்தான் விழித்துக்கொள்கிறோம்.

ஆகவே முன்கூட்டியே போக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு கொடுத்தோம். எங்கள் தெருவுக்குத் திட்டமிடப்பட்டுள்ள சாலை வேலையின் மதிப்பீட்டு நகல், அதில் பழைய சாலையைச் சுரண்டும் வேலை உண்டா, இதற்குமுன் போட்ட சாலைகளின் அளவைப் புத்தக (செய்த வேலையை அளந்து பதியும் பதிவேடு) பக்கங்கள் ஆகியவற்றைக் கேட்டோம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பதிலில் சுரண்டும் வேலை இல்லை என்று தெரிந்ததும், மதிப்பீட்டைத் திருத்தும்படி தெருவில் உள்ள அனைவரும் கையெழுத்திட்டு, வார்டு உறுப்பினரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்தோம். அந்த மனுவோடு நாங்கள் இணைத்தது ஒரே ஒரு புகைப்படம்: ஒரு பாட்டி தன் வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்து, தெருவை அண்ணாந்து பார்ப்பது. அதன்பின் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாலை மட்டத்தை வண்ணத்தால் கோடிட்டு வைத்தோம். வேலை முடிந்த அன்று அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் புதுச் சாலை இருந்தது.

நகரப் பகுதியில் இருப்பவர்களுக்கு வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. பகுதி சபை கூடும்போது இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். இதைப் படிக்கும் ஊராட்சிப் பகுதி நண்பர்களுக்கு நிலைமை கொஞ்சம் கடினம். நம் மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆனாலும் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடியாக வேண்டும்.

வேட்பாளர்களிடம் சாலை வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள், இன்னொரு அடுக்குதான் வந்து சேரும். வேலைக்கு முன்பும் பின்பும் சாலை மட்டத்தை அளந்து பதிவு செய்யாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரக்கூடாது என்பதைச் சட்டமன்றத்தில் கேட்டு, விதியாகவே கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். மண்டையை ஆட்டிவிட்டுப் போக முடியாத கேள்வி அது.

இடித்துக் கட்டுவதைப் பற்றி ஒரு தகவல் மட்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதற்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது. அனுமதிக்கு அலையத் தேவையில்லை. ஆனால் உங்களிடம் உள்ள தொகைக்கு இது ஒத்துவராது.

பதில்: கெடிலக்கரை

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு டியூப் லெவலில் மட்டம் பார்த்தேன். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. எங்கள் வாசலில் உள்ள வடிகாலின் அடிமட்டத்தைவிட, அது பெரிய வாய்க்காலில் சேரும் இடத்தின் அடிமட்டம் நான்கு அங்குலம் உயரமாக இருக்கிறது. இரண்டு முறை அளந்தும் அதே எண்தான் வந்தது. எங்கள் தெருவின் நீர் வாய்க்காலுக்குப் போவதற்குப் பதிலாக, வாய்க்காலின் நீர் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக வடிகாலில் குப்பை அடைத்திருக்கிறது என்று நினைத்து, நாங்களே காசு சேர்த்து ஆள் வைத்துத் தூர் வாரி வந்தோம்.

தளத்தையும் தட்டிப் பார்த்தேன். சமையலறையில் மூன்று இடங்களிலும் குளியலறையில் ஓரிடத்திலும் ஓட்டைச் சத்தம் வருகிறது. கூடத்திலும் படுக்கையறைகளிலும் இல்லை. இந்த நிலையில் முகவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மட்டக்கோல்

ஐயா, முன்பணம் கொடுக்க வேண்டாம். வடிகால் எதிர்ச்சரிவில் இருக்கும்வரை, வீட்டை மூன்றடி தூக்கினாலும் தெருவில் நீர் நிற்கும். உங்கள் வீடு தப்பித்து அடுத்த வீடு மூழ்கும். முதலில் ஒருவழி வால்வு, அடுத்து செப்டிக் டேங்க், சம்ப் மூடிகள், அதன்பின் சமையலறை, குளியலறைத் தளம் ஆகிய மூன்றையும் உங்கள் சேமிப்பிலிருந்தே செய்துவிடலாம். கடனுக்குப் போக வேண்டாம். தளத்தைப் பார்க்க வரும் பொறியாளரிடமே, வீட்டைத் தூக்குவது பற்றியும் ஒரு கருத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு அங்குலத்தை மனுவின் முதல் வரியாக எழுதுங்கள். டியூபின் இரு முனைகளிலும் நீர்மட்டம் தெரியும்படி, பக்கத்தில் அளவுகோல் வைத்து இரண்டு புகைப்படங்கள் எடுத்து இணைத்துவிடுங்கள். மறுபடியும் மட்டம் பார்க்க அலுவலகத்திலிருந்து கருவியோடு யாராவது வந்தால், உங்கள் தெருவில் உள்ள ஐந்தாறு பேர் உடன் நின்று, அவர்கள் குறித்துக்கொள்ளும் எண்ணை அப்போதே நீங்களும் குறித்து வாருங்கள்.